வீட்டிலேயே முழு உடல் கவச உடை: ஃபோமா, பிரிண்டா? போட்டுக்கொண்டு உட்கார முடியுமா?

கவசப்பித்தன்:

வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி. இப்போது கேட்டே ஆக வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

நானே உருவாக்கிய சூப்பர் ஹீரோ ஒருவனுக்கு உடை செய்யப் போகிறேன். எந்தப் படத்திலும் வராத ஆள் என்பதால் யாரோ செய்து வைத்த பேட்டர்ன் (வெட்டுவதற்கான மாதிரி) கிடைக்க வழியில்லை. கருஞ்சிவப்புத் தகடுகள், விளிம்புகளில் வெள்ளி, மார்பில் சாய்சதுரமாக ஒரு விளக்கு, வெள்ளையாக ஒளிரும் கண்கள். தலை முதல் கால் வரை கவசம். முன், பின், பக்கவாட்டு என மூன்று கோணங்களில் வரைந்து வைத்திருக்கிறேன். ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஹெல்மெட்டை மட்டும் மாடல் செய்து முடித்துவிட்டேன்.

கையில் இருப்பவை: தரையில் விரிக்கும் ஃபோம் பாய்கள் ஒரு கட்டு, கட்டர், ஹீட் கன், தேய்க்கவும் வெட்டவும் சுழலும் கருவியான சின்ன டிரெமல். நண்பனிடம் 3டி பிரிண்டர் இருக்கிறது, ஃபிலமெண்ட் (அதில் போடும் பிளாஸ்டிக் இழை) வாங்கிக் கொடுத்தால் போட்டுத் தருகிறேன் என்கிறான். என் உயரம் 178 செ.மீ. ஒல்லிதான், ஆனால் தோள் அகலம். மேற்கைச் சுற்றளவு 30 செ.மீ., தொடைச் சுற்றளவு 52 செ.மீ.

என் சந்தேகங்கள்: முழுவதையும் ஃபோமில் செய்யலாமா, இல்லை பிரிண்ட் போடலாமா? படத்தில் உள்ள அளவை என் உடம்பு அளவுக்கு எப்படி மாற்றுவது? முகமூடி மோட்டாரில் தானாகத் திறந்து மேலே போக வேண்டும் என்பது பெரிய ஆசை, வீட்டில் சாத்தியமா? கடைசியாக, என் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு "இதைப் போட்டுக்கிட்டு எப்படிடா உட்காருவ?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

முப்பரிமாணி:

ஹெல்மெட் மாடல் தயார் என்றால் அதைப் பிரிண்ட் போட்டுவிடுங்கள். கத்தி மாதிரி விளிம்பு, இடமும் வலமும் இம்மி பிசகாத அளவு, இரண்டையும் பிரிண்டர் அலுங்காமல் தரும். ஃபோமில் அதைக் கொண்டுவரக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

ஆனால் உடம்பு முழுக்கப் பிரிண்ட் வேண்டாம். பிரிண்டர் வைத்திருக்கும் நானே சொல்கிறேன். பிஎல்ஏ என்ற பிரிண்டர் பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது தோள்பட்டை வேறு வடிவத்தில் இருக்கும். பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். எதில் போட்டாலும் பிரிண்ட் வளையாது, வயிற்றிலும் விலாவிலும் குத்தும். ஹெல்மெட், மார்பு விளக்கின் சட்டம், விரல் கணுத் தகடுகள், இவ்வளவு போதும்.

ஹெல்மெட்டுக்குத் தலைச் சுற்றளவை மட்டும் அளந்தால் போதாது. தாடை முதல் உச்சி வரை, மூக்கு நுனி முதல் பின்மண்டை வரை, காதுக்குக் காது, இந்த மூன்றையும் அளங்கள். ப்ளெண்டரில் உங்கள் அளவுக்கு ஒரு எளிய தலை செய்து மாடலுக்குள் வைத்துப் பாருங்கள், எங்கே இடிக்கும் என்று அங்கேயே தெரியும். கழுத்து ஓட்டை தலையைவிடச் சின்னது என்பது பலருக்கும் பிரிண்ட் முடிந்த பிறகுதான் உறைக்கும். பின்மண்டையைத் தனித் துண்டாகப் பிரித்துக் காந்தம் வையுங்கள்.

இன்னொன்று. ஸ்லைசரில் (மாடலைப் பிரிண்டருக்குத் தயாராக்கும் மென்பொருளில்) மாடலை 10 சதவீதம் பெரிதாக்கினால் சுவர்த் தடிமனும் சேர்ந்தே பெருகும். 1.1 × 1.1 × 1.1, அதாவது பொருள் 33 சதவீதம் கூடுகிறது. எடையும் அப்படித்தான். அளவு மாற்றுவதை ப்ளெண்டரிலேயே முடித்து, தடிமனைத் தனியாக 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பசைக்கை:

மேடை நாடகங்களுக்கு உடை தைப்பதும் கவசம் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. மேடையில் ஆள் குனிவார், விழுவார், எழுந்து நின்று மூச்சு வாங்காமல் வசனமும் பேச வேண்டும். அதனால் என் பார்வை ஒருபக்கமானது, தெரிந்துகொண்டே படியுங்கள். அழகெல்லாம் அப்புறம், முதலில் மூட்டு.

தம்பி, உங்கள் அண்ணன் கேட்டதுதான் இந்த உடையில் முதல் கேள்வி. நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் ஹெல்மெட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள், படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும் என்பதால். அதைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். உங்கள் மூன்று படங்களையும் எடுத்து, உடம்பு மடங்கும் இடமெல்லாம் பேனாவால் கோடு போடுங்கள். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால், கணுக்கால். எந்தத் தகடாவது அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறதா? அது படத்துக்கு மட்டும்தான் ஆகும். அங்கே இரண்டாக வெட்ட வேண்டும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று சரியும் பட்டைகளாக மாற்ற வேண்டும்.

இதற்கெல்லாம் பழைய ஐரோப்பிய இரும்புக் கவசங்களைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால் வரை மூடிய ஒரு கவசம் சுமார் 20, 25 கிலோ இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறினார்கள், சண்டை போட்டார்கள். மார்புத் தகட்டைக் கவனித்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, கை வரும் பக்கம் தகடு குறுகலாக உள்வாங்கியிருக்கும். கையை முன்னால் நீட்டிச் சேர்த்தால் மேற்கை வந்து மார்பில் முட்டும், அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள். உங்களுக்குத் தோள் அகலம் என்பதற்காக மார்புத் தகட்டையும் அகலமாக வெட்டினால் கைதட்டக்கூட முடியாது. இரண்டு, தகடு இடுப்பெலும்புக்கு மேலேயே, உடம்பு ஒடுங்கும் இடத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் தனித்தனிப் பட்டைகள், உள்ளே தோல் வாரில் கோத்தவை. இறாலின் முதுகு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகும். உட்காரும் ரகசியம் அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது.

நீங்கள் அதையே ஃபோமில் செய்யலாம். வயிற்றுக்கு 5 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று 1.5 செ.மீ. ஏறும்படி அடுக்கி, உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் எலாஸ்டிக் நாடா ஒட்டுங்கள். நாடாவை முழு நீளத்துக்கும் ஒட்டிவிடக் கூடாது, பட்டைக்கு ஒரு புள்ளிதான். முழுக்க ஒட்டினால் இழுபடாது.

முழங்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறைய பேர் இடறும் இடம் இது. கையை மடக்கும்போது மேற்கைக் குழாயும் முன்கைக் குழாயும் உள்பக்கத்தில் மோதும். குழாயின் விளிம்பு நேர்வட்டமாக இருந்தால் 90 டிகிரி வருவதற்குள் சதையைக் கிள்ளிவிடும். இரண்டு குழாயிலும் முழங்கையின் உள்மடிப்பு வரும் பக்கத்தில் பிறை வடிவில் வெட்டி எடுங்கள். எவ்வளவு என்று அளவுகோல் சொல்லாது. குழாயை அணிந்து கையை மடக்கி, இடிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, வெட்டி, மறுபடி அணிந்து பாருங்கள். விரல் நுனி தோளைத் தொட வேண்டும், அதுவரை வெட்டு. வெளிப்பக்கம் தெரியும் இடைவெளியை முழங்கைக் கிண்ணம் மூடும். அந்தக் கிண்ணத்தை எதிலும் ஒட்டாதீர்கள். மேலே ஒரு எலாஸ்டிக், கீழே ஒரு எலாஸ்டிக், நடுவில் அது மிதக்கட்டும். உள்மடிப்பில் தெரிவது கவசத்துக்கு அடியில் நீங்கள் போடும் உள்ளாடையின் கறுப்புத் துணிதான். இரும்புக் கவசக்காரர்களும் அங்கே வளையப் பின்னலைத்தான் விட்டார்கள்.

தோள் கிண்ணம் மார்போடு சேரக் கூடாது. கழுத்தோரத்தில் ஒரு வாரில் தொங்க வேண்டும், கை உயரும்போது அதுவும் உயரும். தொடைத் தகடு தொடையை இறுக்கிப் பிடித்து நிற்கும் என்று நம்பாதீர்கள். தொடை கீழே போகப் போக ஒடுங்குகிறது, நான்கு எட்டு வைத்தால் தகடு முழங்காலில் கிடக்கும். இடுப்பு பெல்ட்டிலிருந்து தொங்கவிடுங்கள். அந்த பெல்ட் இறங்காமல் இருக்க, மார்புத் தகட்டுக்குள் தோள் வழியாக இரண்டு வார் போட்டுப் பிடியுங்கள். கெண்டைக்கால் தகடு தன் எடையை ஷூவின்மேல் வைத்து நிற்கலாம், அதற்கு வார் வேண்டாம், பின்னால் வெல்க்ரோ போதும்.

இப்போது அளவு. படத்தை வைத்து உடம்பை அளக்காதீர்கள், உடம்பை வைத்துப் படத்தை வெட்டுங்கள். பழைய டி-ஷர்ட், பழைய பேன்ட் போட்டுக்கொண்டு, அதன்மேல் சமையலறை பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன்மேல் டக்ட் டேப்பைச் சிறு சிறு துண்டாக ஒட்டி உங்கள் உடம்பை நகல் எடுங்கள். இன்னொருவர்தான் ஒட்ட வேண்டும். கழுத்தில் இறுக்கக் கூடாது, முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். டேப்புக்குள் புழுக்கத்தில் நின்று மயங்குகிறவர்கள் உண்டு. முடிந்ததும் முதுகுப் பக்கம் கீறிக் கழற்றி, மூடி, பழந்துணி அடைத்தால் உங்கள் பொம்மை தயார். இன்னொரு பிரதி எடுத்து, அதன்மேல் கவசக் கோடுகளை மார்க்கரில் வரைந்து, கோடுகளின்படி வெட்டித் தட்டையாக்கினால் அதுதான் பேட்டர்ன். நீங்களே உருவாக்கிய ஆளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. 3டி மாடலைத் தட்டையாக விரித்துத் தரும் பெபகுரா போன்ற மென்பொருளில் விரித்த பேட்டர்ன் காகிதத்துக்கு உகந்தது. நூறு சின்ன முகங்களும் ஒட்டும் காதுகளுமாக வரும், ஃபோமுக்கு அவற்றை நீங்கள்தான் சேர்த்துப் பெரிய துண்டுகளாக்க வேண்டும்.

பொம்மை உங்கள் உடம்பின் அளவு, கவசத்தின் அளவு அல்ல. இங்கே ஒரு கணக்கு. மேற்கை 30 செ.மீ. என்கிறீர்கள். தசையை முறுக்கி மறுபடி அளங்கள், கூடும். 31 என்று வைத்துக்கொள்வோம். உள்ளாடைக்கும் காற்றுக்கும் 2 செ.மீ. சேர்த்தால் 33, இது குழாயின் உள்சுற்றளவு. 10 மி.மீ. ஃபோமை வளைத்தால் வெளிச்சுற்றளவு 2 × 3.14 × 1, அதாவது 6.28 செ.மீ. கூடி 39க்கு மேல் போகும். தட்டையாக வெட்டும் துண்டு இரண்டுக்கும் நடுவில், 36 செ.மீ. வர வேண்டும். 33க்கு வெட்டினால் கை உள்ளே போகாது. கைக்கு 10 மி.மீ. எதற்கு என்பேன் நான். 6 மி.மீ. போதும், ஒல்லியான கையில் தடித்த ஃபோம் தண்ணீர்க் குழாய் மாட்டியதுபோல் தெரியும். மார்புக்கும் தோளுக்கும் 10, மற்றதற்கு 6, மேலே ஒட்டும் அலங்காரக் கோடுகளுக்கு 2.

ஒட்டுவது: குளூ கன்னை எடுத்து உள்ளே வையுங்கள், அது சூட்டில் விட்டுவிடும். நியோபிரீன் வகை கான்டாக்ட் சிமெண்ட் என்ற பசைதான். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாமல் வரும்வரை, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் சேர்த்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் பிடிக்காது. வெட்டிய ஓரம் முதல் பூச்சைக் குடித்துவிடும், அங்கே இரண்டாவது பூச்சு வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது என்பதால் இரண்டு ஓரத்திலும் பொருத்தக் கோடுகள் போட்டுக்கொண்டு, ஒரு முனையிலிருந்து கோடு கோடாகப் பொருத்தி வாருங்கள். பசையில் உள்ள கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஹீட் கன் எதுவும் கூடாது. தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது, ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி தனி. டிரெமலால் தேய்க்கும்போது பறக்கும் ஃபோம் தூளுக்குத் தூசி முகமூடியும் கண்ணாடியும்.

பாய் ஃபோமில் ஒரு பக்கம் வரிவரியாக இருக்கும், அதை உள்பக்கம் வையுங்கள். அது ஈவிஏ வகை ஃபோம்தானா என்று ஒரு துண்டைச் சூடாக்கி, வளைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். வளைவு நின்றால் சரி. பாலிஎத்திலீன் ஃபோமாக இருந்தால் பசையும் சரியாகப் பிடிக்காது, பெயின்ட்டும் உரியும். பேக்கிங் தெர்மாக்கோலைச் சேர்க்கவே வேண்டாம், கான்டாக்ட் சிமெண்ட் அதைக் கரைத்துவிடும்.

கவசப்பித்தன்:

பசைக்கை அக்கா, ரொம்ப நன்றி. படத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரே தகடாக வரைந்திருக்கிறேன், அது போச்சு. பட்டைகளாக மாற்றி வரைந்தால் உண்மையில் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

முகமூடி மோட்டார் பற்றி யாராவது? கூடவே, சிவப்பு பெயின்ட் உலோகம் மாதிரி மின்ன என்ன செய்வது?

சால்டர் சித்தர்:

மோட்டாருக்கு நான் வருகிறேன். சாத்தியம்தான், ஆனால் எடையில் ஆரம்பியுங்கள்.

சர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். உலோகப் பல்சக்கரம் உள்ள மைக்ரோ சர்வோ 5 வோல்ட் பக்கத்தில் சுமார் 2 கிலோகிராம்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தரும். அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 2 கிலோ, 10 செ.மீ. தூரத்தில் 200 கிராம் என்று அர்த்தம். முகமூடியின் எடை மையம் கீல் அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோமில் செய்த முகமூடி 80 கிராம் என்றால் 0.8, ஒரு சர்வோவே தூக்கும். அதே முகமூடியைப் பிரிண்ட் போட்டு, ஃபில்லர் பூசி, 200 கிராமுக்குக் கொண்டு வந்தால் சர்வோ எல்லையில் நின்று முனகும். இடமும் வலமும் ஒவ்வொன்று வையுங்கள். எதிரெதிராகப் பார்த்து நிற்பதால் ஒன்றுக்குக் கோணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து முகமூடியைப் பிளந்துவிடும். முப்பரிமாணி கோபிக்க வேண்டாம், ஹெல்மெட் பிரிண்டாக இருக்கட்டும், முகமூடி மட்டும் 6 மி.மீ. ஃபோமில் வரட்டும் என்பது என் கட்சி.

கட்டுப்படுத்த ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு போதும். சர்வோவுக்கான மின்சாரத்தை அந்த போர்டின் 5 வோல்ட் காலிலிருந்து எடுக்காதீர்கள். சர்வோ கிளம்பும்போது ஒரு நொடி அதிக மின்சாரத்தை இழுக்கும், போர்டு ரீசெட் ஆகும், முகமூடி பாதியில் நடுங்கும். 5 வோல்ட்டை நேராக சர்வோவுக்குக் கொடுத்து, கிரவுண்டை (மைனஸ் வயரை) மட்டும் போர்டோடு பொதுவாக இணையுங்கள். சர்வோ பக்கத்தில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, முனை மாற்றாமல். மேலே போனதும், கீழே வந்ததும் போர்டின் புரோகிராமில் சர்வோவை டிடாச் செய்துவிடுங்கள், அதாவது சிக்னலை நிறுத்திவிடுங்கள். நின்ற இடத்தில் நிறுத்துவது காந்தத்தின் வேலை, மேலே ஒரு ஜோடி, தாடையில் ஒரு ஜோடி. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சக்தி இழக்கும், அதனால் ஹீட் கன் வேலையெல்லாம் முடித்த பிறகு பதியுங்கள்.

மோட்டார் செத்துப்போனாலும் கையால் திறக்க முடிய வேண்டும். இதில் மட்டும் சமரசமே கிடையாது. சர்வோவின் அச்சில் மாட்டும் கொம்புக்கும் முகமூடிக்கும் நடுவில் ஸ்க்ரூவுக்குப் பதில் காந்தத்தை இணைப்பாக வையுங்கள், பலமாக இழுத்தால் கழன்று வரட்டும்.

கண்ணுக்கு: எல்ஈடியை லென்ஸுக்கு நேர் பின்னால் வைத்தால் உங்களுக்குக் கண் கூசும், எதிரே இருப்பவரும் தெரியமாட்டார். கண் துளையின் விளிம்பைச் சுற்றி வைத்து, ஒளி வெளிப்பக்கம் மட்டும் போகும்படி உள்ளே கறுப்பு ஃபோம் சுவர் கட்டுங்கள். நடுவில் கறுப்பு வலைத்துணி ஒரு கீற்று போதும். உள்ளே இருட்டாக இருக்கும்வரை வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கண் தெரியாது. மார்பு விளக்குக்கு 2 மி.மீ. வெள்ளை ஃபோமையே மூடியாகப் போடுங்கள், ஒளி அதில் பரவிப் புள்ளி தெரியாமல் வரும்.

ஹெல்மெட்டில் 40 மி.மீ. 5 வோல்ட் ஃபேன் இரண்டு. ஒன்று தாடைப் பக்கம் காற்றை உள்ளே தள்ள, ஒன்று பின்னுச்சியில் வெளியே இழுக்க. இரண்டையும் உள்ளே தள்ள வைத்தால் சூடான காற்று போக இடம் இருக்காது.

பசைக்கை:

பெயின்ட் கேட்டீர்கள். அதற்கு முன்னால் தோல். வடிவமெல்லாம் முடிந்ததும் ஹீட் கன்னை ஃபோமின்மேல் மெதுவாக ஓட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாமல். கண்ணெதிரே மங்கலான பரப்பு லேசாகப் பளபளக்கும். துளைகள் மூடிக்கொண்டன என்று பொருள். பளபளப்பு வந்த நொடியில் நகர்ந்துவிட வேண்டும், இன்னும் நின்றால் குமிழி விடும், புகையும். வெட்டிய ஓரங்களையும் விடாதீர்கள், அங்கேதான் பெயின்ட் உறிஞ்சிச் சொரசொரப்பாகும். ஒட்டு வாயில் இடுக்கு தெரிந்தால் அக்ரிலிக் கால்க் என்ற இடுக்கு நிரப்பியை ஈர விரலால் தேய்த்து நிரப்புங்கள்.

அதன்மேல் வளையக்கூடிய பிரைமர். பிளாஸ்டி டிப் போன்ற ரப்பர் பூச்சு நன்றாக இருக்கும், பல மெல்லிய பூச்சாக. இதைத் தவிர்த்து நேரே பெயின்ட் அடித்தால் வயிற்றுப் பட்டை முதல் தடவை மடங்கும்போதே விரிசல் விடும்.

உலோகச் சிவப்புக்கு, சிவப்பை நேரே அடிக்காதீர்கள். முதலில் முழுக்க வெள்ளி. அது காய்ந்ததும் ஒளி ஊடுருவும் சிவப்பை மெல்லிசாக அடுக்கடுக்காக. அடியில் இருக்கும் வெள்ளி சிவப்பு வழியாகத் திரும்பி வந்து மின்னும். ஒவ்வொரு அடுக்கிலும் நிறம் ஆழமாகும், உங்களுக்கு வேண்டிய கருஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் அடுக்கு வர வேண்டும், இல்லையென்றால் வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம். வெட்டி எறிந்த ஃபோம் துண்டில் முதலில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கவசத்தில் கை வைக்க வேண்டும்.

புத்தம் புதிதாக மின்னும் கவசம் மேடை விளக்கில் பொம்மைக் கடைச் சாமானாகத் தெரியும், என் கண்ணுக்கு. தண்ணீர் கலந்த கறுப்பு அக்ரிலிக்கை இடுக்குகளில் ஓடவிட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அப்புறம் காய்ந்த ஸ்பாஞ்சில் துளி வெள்ளி எடுத்து, உண்மையில் உரசும் இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். முழங்கைக் கிண்ணத்தின் உச்சி, முன்கைத் தகட்டின் உள்விளிம்பு, தொடையில் கை படும் பக்கம். முதுகு நடுவில் எதற்குக் கீறல்? அங்கே எது போய் உரசும்? சண்டை போட்டவன் உடம்பில் அடி எங்கே விழும் என்று யோசித்தால் போதும்.

முப்பரிமாணியோடு ஒரு சின்ன வழக்கு எனக்கும் உண்டு. விரல் கணுத் தகடுகளைப் பிரிண்ட் போட்டால் யாருடனாவது கைகுலுக்கும்போது அவர் அலறுவார். 2 மி.மீ. ஃபோமில் வெட்டி, கையுறையைக் கையில் மாட்டி முஷ்டி மடக்கிய நிலையில் ஒட்டுங்கள். விரலை நீட்டி வைத்து ஒட்டினால் அப்புறம் மடங்காது.

முப்பரிமாணி:

விரல் விஷயத்தில் அக்கா சொல்வது சரி, வாபஸ். முகமூடி விஷயத்தில் இல்லை. 1.6 மி.மீ. சுவரில் போட்டால் பிரிண்டும் எடை குறையும்.

சால்டர் சித்தர்:

1.6 மி.மீ. சுவரைத் தேய்த்து மழமழப்பாக்கும்போது ஓட்டை விழும். போட்டுப் பார்த்து, தராசில் வைத்து, எண்ணைச் சொல்லுங்கள். அப்புறம் பேசுவோம்.

கவசப்பித்தன்:

சண்டை வேண்டாம், நான் இரண்டையும் செய்து தராசில் வைக்கிறேன். இப்போதைக்கு இன்னும் மூன்றே கேள்வி. பேட்டரியை எங்கே வைப்பது, ஹெல்மெட்டிலா? அணிய எவ்வளவு நேரம் பிடிக்கும், தனியாகப் போட்டுக்கொள்ள முடியுமா? பாத்ரூம் போக வேண்டுமென்றால்?

பசைக்கை:

தனியாக முடியாது. முடியும் என்று சொல்பவர்கள் முதுகு பக்கிளை யார் மாட்டினார்கள் என்று சொல்வதில்லை. கீழிருந்து மேலே போங்கள். ஷூ, கெண்டைக்கால், முழங்கால், பெல்ட்டும் தொடையும், அப்புறம் மார்பு, கை, தோள், கடைசியில் ஹெல்மெட். மார்பை முதலில் மாட்டினால் குனிந்து ஷூ போட முடியாது. ஹெல்மெட் போட்ட பிறகு உங்களுக்குக் காலடி தெரியாது, ஆகவே படியில் இறங்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அண்ணனையே பிடியுங்கள்.

பாத்ரூமுக்கு: உள்ளாடை ஒரே துணியாக இல்லாமல் மேலே தனி, கீழே தனியாக இருக்கட்டும். இடுக்கை மூடும் தகட்டை முன்னால் பெல்ட்டில் இரண்டு பிரஸ் பட்டனில் மாட்டுங்கள், பின்னால் வெல்க்ரோ. இது ஒன்றுக்கு மட்டும் ஆள் துணை தேவைப்படாதபடி அமைத்துக்கொள்வது உங்கள் மரியாதைக்கு நல்லது. கையுறையைக் கழற்றாமல் அந்தப் பட்டன் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சால்டர் சித்தர்:

பேட்டரி ஹெல்மெட்டில் வேண்டவே வேண்டாம். எடை கழுத்துக்கு, சூடு மண்டைக்கு. உறையில்லாத லித்தியம் பாலிமர் செல் எதையும் உடையில் எங்கேயும் வைக்காதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். சாதாரண பவர் பேங்க் ஒன்றை இடுப்பின் பின்பக்கம் பெல்ட்டில் பையாகத் தைத்து வையுங்கள், கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சோடு. மின்சாரம் மிகக் குறைவாக ஓடினால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். கண் விளக்கை மட்டும் போட்டு அரை மணி நேரம் மேஜையில் விட்டுப் பாருங்கள். அணைந்தால் ஃபேனையும் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள், அது எப்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கவசத் துண்டு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் வயரிலும் கழற்றி மாட்டும் கனெக்டர் வேண்டும். கழுத்தில் ஒன்று கட்டாயம். ஆணும் பெண்ணுமாக வரும் ஜேஎஸ்டி வகை போதும், ஆனால் மோட்டாருக்கு ஒரு நிறம், விளக்குக்கு ஒரு நிறம் என்று டேப் சுற்றிவிடுங்கள், மாட்டிவிடப் போவது உங்கள் அண்ணன்.

போர்டுக்கான புரோகிராமை நான் எழுதித் தருகிறேன். சர்வோ வந்ததும் அதன் மாடல் எண்ணை இங்கே போடுங்கள்.